கேலக்ஸியை நாலு இடத்தில் விசாரிப்பது ஏன்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் இரண்டு மாதமாகக் கம்ப்யூட்டரில் கேலக்ஸிப் படங்களைப் பார்த்து, சுருளா, உருண்டையா என்று குறித்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். சம்பளம் கிடையாதாம், தொண்டாம். அதுகூடப் பரவாயில்லை. படத்தில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்துவிட்டால், வானத்தில் அதே இடத்தை இன்னும் மூன்று நான்கு தரவுத்தளங்களில் போய்த் தேடுகிறாள். கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய தொலைநோக்கி எடுத்த படம்தானே? அதை நம்பாமல் இன்னொரு படத்தைத் தேடுவானேன்? தப்பு இருந்தால் விஞ்ஞானிகளே பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

— ஒரு வாசகி, கரூர்

பதில்: அம்மா, மகளைப் பற்றிக் குறை சொல்வதுபோல் ஆரம்பித்து வானியலின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டீர்கள். நல்ல கேள்வி. உங்கள் மகள் செய்வது சரி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் சரி என்பதற்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதல் படம் மங்கலாக இருப்பதால் இன்னும் தெளிவான படத்தைத் தேடுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவள் தேடிப்போகும் இரண்டாவது படம் பல சமயம் முதல் படத்தைவிட மோசமாகவே இருக்கும். 1950-களில் கண்ணாடித் தகட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமாகக்கூட இருக்கலாம். தெரிந்துதான் போகிறாள். பத்திரம் பளபளவென்று இருக்கிறது என்பதற்காக வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் யாராவது நிலம் வாங்குகிறார்களா? படம் நன்றாக இருப்பது ஒரு விஷயம். படத்தில் தெரிவது வானத்திலும் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் வானத்துப் படம் எதிலும் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன. வானம் ஒன்று. கேமராவின் குணம் இன்னொன்று. பதிவான எண்களுக்கு நிறம் பூசியவர் எடுத்த முடிவு மூன்றாவது. எது எதனால் வந்தது என்று ஒரே படத்தை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. வேறு கேமரா, வேறு ஆண்டு, வேறு வகை ஒளி என்று போய்ப் பார்த்தால், எல்லாவற்றிலும் நிற்பது வானத்தைச் சேர்ந்தது. ஒன்றில் மட்டும் இருப்பதை விசாரிக்க வேண்டும்.

கேமராவிலிருந்து தொடங்கலாம். இந்தத் தொண்டர்கள் அதிகம் பார்த்த படங்கள் ஸ்லோன் டிஜிட்டல் வான் அளவாய்வினுடையவை. வான் அளவாய்வு என்றால், குறிப்பிட்ட ஒரு பொருளைக் குறிவைக்காமல் வானத்தைப் பட்டை பட்டையாகப் படமெடுத்துப் பதிந்து வைப்பது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மலையில் இருக்கும் அதன் தொலைநோக்கியின் ஆடி 2.5 மீட்டர் அகலம். அந்தக் கேமரா நம் போன் கேமராவைப்போல் ஒரே நொடியில் எல்லா நிறங்களையும் பிடிக்காது. அதில் 30 ஒளியுணரிச் சில்லுகள், ஆறு பத்திகளாக, பத்திக்கு ஐந்து. ஐந்துக்கும் ஐந்து வடிகட்டிகள். ஒவ்வொரு வடிகட்டியும் ஒரு நிறப் பட்டையை மட்டும் உள்ளே விடும். வானக் காட்சி இந்தச் சில்லுகளின்மேல் மெல்ல வழுக்கிச் செல்லும். ஒவ்வொன்றிலும் 54 விநாடி ஒளி விழும். ‘ஆர்’ எனப்படும் சிவப்புப் பட்டை முதலில் பதியும். சிவப்பையும் தாண்டிய ‘ஐ’ பட்டை ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கழித்து. நீலமும் பச்சையும் கலந்த ‘ஜி’ பட்டை கடைசியில், ஏறக்குறைய ஐந்து நிமிடம் கழித்து.

கேலக்ஸிக்கு ஐந்து நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் குறுங்கோள் ஒன்று அந்த நேரம் பார்த்துக் குறுக்கே போனால்? ஐந்து நிமிடத்தில் அது இரண்டு மூன்று விகலை நகர்ந்துவிடும் (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை, பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குப் பழகிய கணக்குதான்). ஆகவே ஒரே குறுங்கோள் மூன்று நிறங்களில் மூன்று இடங்களில் பதியும். திரையில் பச்சையும் சிவப்பும் ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சளாகத் தெரியும். சற்றுத் தள்ளி ஒரு நீலப் புள்ளி தனியாக நிற்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு அதிசயமான இரட்டைப் பொருள் ஒன்று அகப்பட்டுவிட்டது போல இருக்கும். செயற்கைக்கோள் குறுக்கே பறந்தால் இன்னும் வேடிக்கை: எந்தச் சில்லின் முறை வந்தபோது பறந்ததோ அந்த ஒற்றை நிறத்தில் மட்டும் ஒரு கோடு. பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் இருந்தால் அதன் ஒளி கண்ணாடிகளுக்குள் எதிரொளித்து, இல்லாத இடத்தில் ஒரு வெளிறிய திட்டைப் போட்டுவிடும்.

இதையெல்லாம் உங்கள் மகள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்றால், படத்துக்கு உரிய பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: வல ஏற்றம், நடுவரை விலக்கம். பூமிக்குத் தீர்க்கரேகையும் அட்சரேகையும் எப்படியோ வானத்துக்கு இவை அப்படி. அந்த இரண்டு எண்களை வேறொரு அளவாய்வில் இட்டால் அதே இடம் திறக்கும். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் தரவு மையம் நடத்தும் ‘அலாதின்’ என்ற செயலியில் பல அளவாய்வுகளின் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கலாம். 1949 முதல் 1958 வரை கலிஃபோர்னியாவின் பலோமார் மலையிலிருந்து கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள் பிற்பாடு டிஜிட்டல் ஆக்கப்பட்டு எல்லோருக்கும் கிடைக்கின்றன. தகட்டின் தரம் சுமார்தான்; ஆனால் ஸ்லோனுக்கு அரை நூற்றாண்டு முந்தைய வானம் அதில் இருக்கிறது. புள்ளி ஸ்லோனில் இருந்து தகட்டில் இல்லையென்றால், முதலில் படம் எடுத்த தேதியைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அந்த வழியே எந்தக் குறுங்கோள் போனது என்று தேதியும் இடமும் கொடுத்துக் கேட்டால் சொல்ல, சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையம் இருக்கிறது. பத்து நிமிட வேலை. பெரும்பாலும் ஏற்கெனவே எண் கொடுக்கப்பட்ட குறுங்கோளாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது நிறம். இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ‘நீல கேலக்ஸி’, ‘பச்சை கேலக்ஸி’ என்று படத்தைப் பார்த்துச் சொல்கிறோமே, அந்த நிறம் கண்ணால் பார்த்தால் தெரியும் நிறம் இல்லை. ஸ்லோன் படத்தில் ஜி பட்டையில் வந்த ஒளியை நீலமாகவும், ஆரில் வந்ததைப் பச்சையாகவும், ஐ-யில் வந்ததைச் சிவப்பாகவும் காட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரு படி நீலப் பக்கம் தள்ளிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இதனால் நடந்த ஒரு கதை இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்தது. 2007 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கெவின் ஷவின்ஸ்கி, கிறிஸ் லிண்டாட் முதலானோர் ‘கேலக்ஸி ஸூ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 9 லட்சம் ஸ்லோன் படங்களைப் பொதுமக்கள் பார்த்து வகை பிரிக்க வேண்டும். கேட்டது முக்கியமாகச் சுருளா உருண்டையா என்பதைத்தான். ஆனால் தொண்டர்கள் சிலர் கேட்காத ஒன்றைக் கவனித்தார்கள்: அங்கங்கே சின்னதாக, உருண்டையாக, பச்சைப் பசேலென்று புள்ளிகள். கேலக்ஸிகள் நீலமாகவோ மஞ்சளும் சிவப்புமாகவோதான் இருக்கும். பச்சையில் வருவது வழக்கமில்லை. ‘பட்டாணி’ என்று விளையாட்டாகப் பெயர் வைத்துச் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் படத்தை மட்டும் நம்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். கேமராக் கோளாறு என்று ஒருவர் சொல்வார், பச்சை நட்சத்திரம் என்று இன்னொருவர் சொல்வார், ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், புள்ளி புள்ளியாக ஸ்லோன் தரவுத்தளத்தைத் திறந்து நிறமாலையைப் பார்த்தார்கள். நிறமாலை என்பது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, எந்த அலைநீளத்தில் எவ்வளவு வந்தது என்று போட்ட வரைபடம். நட்சத்திரமா, கேலக்ஸியா, என்ன தனிமங்கள், எவ்வளவு தூரம் எல்லாம் அதில் இருக்கும். நட்சத்திரங்களையும் படக்கோளாறுகளையும் கழித்தபிறகு மிஞ்சியவற்றின் நிறமாலையில் எல்லாம் ஒரே ஒரு கோடு பனைமரம்போல் ஓங்கி நின்றது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அணு விடுகிற ஒளி அது. புறப்படும்போது அதன் அலைநீளம் 500.7 நானோமீட்டர், அதாவது நீலம் கலந்த பச்சை.

‘அப்படியானால் பச்சைதானே, படம் சரியாகத்தானே காட்டியது?’ என்று கேட்பீர்கள். இல்லை, சற்றுப் பொறுங்கள். பிரபஞ்சம் விரிகிறது, தூரத்திலிருந்து வரும் ஒளி வழியில் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்கிறது. இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். பட்டாணிகளின் செம்பெயர்ச்சி ஏறக்குறைய 0.11 முதல் 0.36 வரை. 0.26 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 500.7 நானோமீட்டர் 631 ஆகிவிடுகிறது. அது ஆரஞ்சும் சிவப்புமான ஒளி. ஸ்லோனின் ஆர் பட்டைக்குள் விழுகிறது. ஆர் பட்டையைப் படத்தில் பச்சையாகக் காட்டுவது வழக்கம். ஆக, பச்சையாகப் புறப்பட்ட ஒளி வழியில் சிவந்துபோய், நம்மிடம் வந்தபிறகு படம் போட்டவர் கையால் மறுபடி பச்சையாகிவிட்டது!

இப்படிக் கிடைத்தவை சுமார் 250. 2009-ல் கரோலின் கார்டமோன் தலைமையில் ஆய்வுக்கட்டுரையும் வந்துவிட்டது. அளவில் மிகச் சிறியவை, ஆனால் அசுர வேகத்தில் நட்சத்திரங்களைப் பெற்றுத் தள்ளும் கேலக்ஸிகள். பிரபஞ்சம் இளமையாக இருந்த காலத்தில் கேலக்ஸிகள் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அருகிலேயே கிடைத்த மாதிரி என்று இன்றைக்கும் ஆராய்கிறார்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பிடித்த மிகத் தொலைவுக் கேலக்ஸிகள் மூன்றின் நிறமாலை இந்தப் பட்டாணிகளின் நிறமாலையை ஒத்திருப்பதாக 2023 ஜனவரியில் ஒரு கட்டுரை வந்தது.

இதே ஆக்சிஜன் ஒளி வேறு தூரத்திலிருந்து வந்தால் வேறு நிறம். திட்டம் தொடங்கிய சில வாரங்களிலேயே ஹன்னி வான் ஆர்க்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஐ.சி. 2497 என்ற கேலக்ஸிக்குக் கீழே ஒரு நீலத் திட்டைப் பார்த்து ‘இது என்ன?’ என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. தொலைநோக்கிகளைத் திருப்பி நிறமாலை எடுத்தபோது, பக்கத்துக் கேலக்ஸி இருக்கும் தூரத்திலேயே, சுமார் 65 கோடி ஒளியாண்டுகள் தள்ளி, அதுவும் இருப்பது தெரிந்தது. அது ஒரு மாபெரும் வாயு மேகம். செம்பெயர்ச்சி 0.05 என்பதால் அதன் ஆக்சிஜன் ஒளி 526 நானோமீட்டரில் நின்று ஜி பட்டையில் விழ, ஸ்லோன் படத்தில் நீலமானது. 2011-ல் வெளிவந்த ஹபிள் படத்தில் அதே மேகம் பச்சை! ஐ.சி. 2497-இன் நடுவில் இருக்கும் கருந்துளை ஒரு காலத்தில் குவாசராக, அதாவது விழுங்கும் வாயுவால் கண்கூசப் பிரகாசிக்கும் கருவாக, இருந்து பிறகு அடங்கிப்போனது. அப்போது வீசிய ஒளியில்தான் மேகம் இன்னும் மினுங்குகிறது என்பது இன்றைய விளக்கம். உங்கள் மகளிடம் 145.27, 34.73 என்ற இரண்டு எண்களைக் கொடுத்துப் பாருங்கள். அவள் திறந்து காட்டுவாள்.

தூரம் என்றதும் இன்னொன்று. இரண்டு கேலக்ஸிகள் மோதிக்கொள்வதுபோல் படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் ஒன்று முன்னால், மற்றொன்று வெகு தூரம் பின்னால். நாசா ஆதரவில் நடக்கும் ‘நெட்’ என்ற கேலக்ஸித் தரவுத்தளத்தில் இரண்டின் செம்பெயர்ச்சியையும் எடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் அப்படி ஒட்டாமல் முன்பின்னாக நிற்பவற்றாலும் பயன் உண்டு: பின்னால் இருப்பதன் ஒளியை முன்னால் இருப்பதன் தூசு எவ்வளவு மறைக்கிறது என்று அளக்கலாம். அதற்கென்றே தொண்டர்கள் உதவியோடு ஏறக்குறைய 2,000 ஜோடிகளின் பட்டியல் ஒன்று தயாரானது.

கேமராவையும் நிறத்தையும் சந்தேகித்தோம். பார்க்கிற கண்ணை யார் சோதிப்பது? சுருள் கேலக்ஸிகள் எந்தப் பக்கமாகச் சுழல்கின்றன என்றும் கேலக்ஸி ஸூ கேட்டிருந்தது. வலமாக, இடமாக என்று இரண்டும் பாதிப் பாதி வர வேண்டும். வந்ததோ, இடஞ்சுழி கொஞ்சம் தூக்கலாக. பிரபஞ்சத்துக்கே ஒரு கைப்பழக்கம் இருக்கிறதோ என்று சிலருக்கு ஆசை வந்தது. திட்டக்குழுவினர் உஷாரான ஆட்கள். தொண்டர்களுக்குச் சொல்லாமல் சில படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக் கொடுத்தார்கள். வானத்தில் உண்மையிலேயே இடஞ்சுழி அதிகம் என்றால் இப்போது வலஞ்சுழி அதிகமாக வர வேண்டும் அல்லவா? மறுபடியும் இடஞ்சுழியே அதிகமாக வந்தது. கோணல் வானத்தில் இல்லை, பார்த்தவர்களிடம்தான். என் கணக்கில் இந்தத் திட்டத்திலேயே உயர்ந்த வேலை இந்தச் சோதனைதான். பட்டாணிக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

விஞ்ஞானிகளே பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டீர்கள். பார்த்தார்கள். ஷவின்ஸ்கி ஒற்றை ஆளாக 50,000 படங்களைப் பார்த்து முடித்தார். மீதி எட்டரை லட்சம் என்ற நினைப்பில்தான் பொதுமக்களைக் கூப்பிடும் யோசனையே பிறந்தது. வந்தவர்கள் முதல் ஆண்டில் ஒன்றரை லட்சம் பேர், குறித்தது ஐந்து கோடி முறை. ஒரே படத்தைப் பத்துக்கணக்கானவர்கள் தனித்தனியாகப் பார்த்ததால், எத்தனை பேர் ஒத்துப்போகிறார்கள் என்பதே நம்பகத்தின் அளவாகிவிட்டது. இன்றைக்குச் சுருளா உருண்டையா என்ற வேலையைக் கணினியும் நன்றாகவே செய்கிறது. இவர்கள் குறித்துக் கொடுத்ததை வைத்துத்தான் அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். 2023-ல் ஏவப்பட்ட யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் கணினியும் தொண்டர்களும் சேர்ந்தே வேலை பார்க்கிறார்கள். ஆனால் கணினி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பச்சைப் புள்ளியைப் பார்த்து, ‘இதை யாரும் கேட்கவில்லையே, இருந்தாலும் இது என்ன?’ என்று வேலையை நிறுத்திவிட்டு நாலு தரவுத்தளங்களுக்குப் போவது உங்கள் மகளைப் போன்றவர்கள்தான்.

அவளுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இன்னொரு தரவுத்தளத்தில் காணவில்லை என்றதும் ‘பொய்’ என்று தள்ளிவிடக் கூடாது. தகடு எடுத்த ஆண்டில் இல்லாத புள்ளி சூப்பர்நோவாவாக, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரமாக, இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெறிச்சோடிக் கிடக்கும் இடம் ரேடியோ அலையில் கொழுந்துவிட்டு எரியலாம். சுருள் கேலக்ஸிகளுக்கு மாபெரும் ரேடியோ இறக்கைகள், அதாவது கேலக்ஸியின் இரு பக்கமும் ரேடியோ அலையில் தெரியும் பெரிய மடல்கள், இருக்காது என்றுதான் பொதுவாக நினைத்திருந்தார்கள். 2011-ல் இந்திய வானியலாளர் ஆனந்த ஹோதா குழுவினர் ஸ்லோன் படத்தின்மேல் ரேடியோ அளவாய்வுப் படத்தை வைத்துப் பார்த்து, அப்படிப்பட்ட இறக்கைகள் உள்ள சுருள் கேலக்ஸி ஒன்றை அறிவித்தார்கள். ‘ஸ்பெக்கா’ என்று பெயர். இரண்டு படங்களையும் தனித்தனியாகப் பார்த்திருந்தால் எதிலும் விசேஷம் தெரிந்திருக்காது.

அதே ஹோதா 2013-ல் தொடங்கிய ‘ராட் அட் ஹோம்’ என்ற இந்தியத் திட்டத்தில், புனே அருகே கோடாடில் உள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி எடுத்த வான் அளவாய்வை மற்ற அளவாய்வுகளோடு ஒட்டிப் பார்க்க மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். சுருள் உருண்டை அலுத்துவிட்டால் அங்கே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். ரேடியோ படங்களில் இறக்கை எது, வெறும் இரைச்சல் எது என்று பிரித்தறிவது இன்னும் கஷ்டம்.